நீளமான பேப்பர்

எதிர்வீட்டில் தையல் மெஷின் நின்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்று எங்களுடையது, மற்றது அவர்களுடையது. நடுவே வெளிச்சமும் காற்றும் வரட்டும் என்று கட்டியவர் ஒரு கிணறு மாதிரி இடைவெளி விட்டிருந்தார். வெளிச்சமும் வரவில்லை, காற்றும் வரவில்லை. பேச்சு மட்டும் நன்றாக வந்தது. எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தால் அவர்கள் வீட்டில் தும்மியது யார் என்றுகூடச் சொல்லிவிடலாம். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் சமைக்கும்போது ஜன்னலை மூடினால் புகை எங்கே போகும்?

அந்த வீட்டுக்காரரை நாங்கள் எல்லோரும் ஸ்வெட்டர்காரர் என்போம். ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டுகிற வெயிலிலும் தோளில் சாம்பல் நிற ஸ்வெட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற மனிதர். முதலில் மூளையில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, வேலை சர்வர் ரூமில். மெஷின்களுக்குச் சூடு ஆகாதாம். அவை சுகமாக இருக்க மனிதர்கள் நடுங்க வேண்டும். தரைப்பலகையைத் தூக்கிக் கேபிள் இழுப்பது, ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் நம்பர் ஒட்டுவது, சின்னச் சின்னப் பச்சை விளக்குகளைப் பார்த்து எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று சொல்வது. தலை நரைக்கிறவரைக்கும் அதே வேலை. கட்டிடத்தில் யார் வீட்டில் நெட் வராவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். வருவார், பேசமாட்டார், பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு எதையோ தடவுவார், வந்துவிடும். "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்போம். வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் கேட்போம்.

அவர் மனைவி வீட்டிலேயே தைக்கிறவள். ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் கட்டுக்கட்டாக வரும், கட்டுக்கட்டாகப் போகும். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டும் பேசத் தெரிந்தவள். அவளை வாயால் ஜெயித்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

மூன்றாவது ஆள், ஸ்வெட்டர்காரரின் அப்பா. ரிட்டயர்டு வாத்தியார். கட்டிடத்தில் அவருக்குப் பெயர் சிவப்பு மை. காலமெல்லாம் பரீட்சைப் பேப்பர் திருத்திய கை சும்மா இருக்காது. கீழே தண்ணீர்த் தொட்டி கழுவுகிற அறிவிப்பு ஒட்டினால், மறுநாள் அதில் நாலு இடத்தில் சிவப்பு வட்டம் இருக்கும். ஒருமுறை செத்துப்போனவருக்கு ஒட்டிய அஞ்சலி நோட்டீஸிலும் இருந்தது. அவரிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். தெரியாத கேள்வியை விட்டுவிட வேண்டும். குருட்டாம்போக்கில் எழுதினால், அது சரியாகவே இருந்தாலும், கூப்பிட்டு "எப்படி வந்துச்சு?" என்பார். சொல்லத் தெரியாவிட்டால் அடித்துவிடுவார், மார்க்கையும், முதுகையும். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதறவன் பேப்பர்ல பொய் சொல்றான்" என்பது அவர் கட்சி. அந்த வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தவர் அவர் மகன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்வெட்டர்காரரின் கம்பெனிக்கு ஒரு பெரிய வங்கியின் வேலை கிடைத்தது. வங்கிக்காரன் ஒரு கண்டிஷன் போட்டான்: மெஷின் ரூமுக்குள் கால் வைக்கிற எவனும் இன்ன நெட்வொர்க் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். கம்பெனி கெடு வைத்தது. மழைக்காலம் முடிவதற்குள் சான்றிதழ் இல்லாதவர்கள் 'விடுவிக்கப்படுவார்கள்'. ஏதோ கூண்டுக் கிளியைச் சொல்வதுபோல. அந்த வயதில் விடுவிக்கப்பட்டவரை எவன் பிடித்து வேலையில் வைப்பான்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரே குளிர் ரூம்தான்.

முதல் தடவை பரீட்சை எழுதப் போய்வந்த அன்று தையல் மெஷின் நின்றது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை?" இது சிவப்பு மை.

"அறுநூத்தித் தொண்ணூத்தி ரெண்டுப்பா."

"பாஸுக்கு?"

"எழுநூறு."

"எட்டு மார்க்கா! எட்டே எட்டு மார்க்குக்கா ஃபெயில் போட்டான்? கருணை மார்க் கிடையாதா? மறுகூட்டல் கேட்டியா?"

"அதெல்லாம் கெடையாதுப்பா. கம்ப்யூட்டரே கூட்டிடுது."

"கம்ப்யூட்டர் கூட்டினா தப்பு வராதா? நீதானே அதை ரிப்பேர் பண்ற?"

சரியான கேள்விதான். அப்புறம் மனைவியின் குரல்.

"அது என்னங்க, பேப்பர் இவ்வளவு நீளமா இருக்கு?"

"ஃபெயிலானா இப்படித்தான் தருவாங்க. எந்தெந்தப் பகுதியில எப்படி எழுதினோம்னு பட்டை பட்டையா போட்டுக் காட்டும். பாஸானா ஒரே வரிதான். பக்கத்து சீட்டுப் பையனுக்கு ஒரு வரியில வந்துச்சு. பிரிண்டர் கிர்ருன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். எனக்கு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

அந்த நீளப் பேப்பரை வீட்டில் மூன்று பேரும் எத்தனை முறை படித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஐந்து பகுதி, ஐந்து பட்டை. 'கோளாறு கண்டுபிடித்தல்' என்கிற பட்டை நல்ல நீளம். அது அவர் தினமும் பார்க்கிற வேலை. 'பாதுகாப்பு' என்கிற பட்டைதான் சுண்டுவிரல் நகம் அளவு.

"இதுதான் உன்னைக் கவுத்திருக்கு," என்றார் சிவப்பு மை. பேனாவை எடுத்து அந்தக் குட்டிப் பட்டையைச் சுற்றி வட்டம் போட்டிருப்பார் என்று பந்தயமே கட்டலாம். "எட்டு மார்க்தானே வேணும்? இந்த ஒண்ணை மட்டும் புடி. மத்ததைத் தொடாதே, அது உனக்குத் தெரியும்."

இந்த மாதிரிப் பரீட்சையில் ஒருமுறை விழுந்தால் கொஞ்ச நாள் காத்திருந்துதான் திரும்ப எழுதவிடுவார்களாம். அந்த நாட்களில் அந்த வீட்டில் பாதுகாப்பைத் தவிர வேறு பேச்சு இல்லை. திருடன் எப்படி வருவான், எந்தக் கதவை மூட வேண்டும், பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும். வேலைக்குப் போகிற பஸ்ஸில் படித்தார், சோறு தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். அவித்த முட்டையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டே மறந்து உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். கதவு திறந்திருந்தது, பார்த்தேன்.

கட்டிடத்தில் ஆளுக்கொரு யோசனை. "தெரியாததை விட்டுடுங்க, மைனஸ் மார்க் இருக்கும்" என்றார் கீழ்வீட்டுக்காரர், காலேஜ் சேர நுழைவுத்தேர்வு எழுதித் தோற்ற அனுபவத்தில். "நான் எப்பவும் விட்டுடுவேன்" என்றார் ஸ்வெட்டர்காரர், நல்ல பிள்ளையாக.

இரண்டாம் தடவை எழுதப்போன நாளில் மழை பிடித்துக்கொண்டது. மதியம் வரவேண்டியவர், விளக்கு ஏற்றுகிற நேரமாகியும் வரவில்லை. மெஷின் ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. கடைசியில் என் கதவைத் தட்டினாள். கையில் அரைகுறையாகத் தைத்த வெள்ளைக் கோட்டு, அதை வைத்துவிட்டு வரவும் தோன்றவில்லை போல.

"அக்கா, அவரைப் பாத்தீங்களா?"

நான் பார்க்காமல் யார் பார்ப்பது? ஆனால் அன்றைக்கு உண்மையிலேயே பார்க்கவில்லை.

"போன் போட்டியா?"

"ஆஃப்ல இருக்கு. பரீட்சை சென்டருக்கு போன் போட்டேன். எழுதிட்டு எப்பவோ போயிட்டாராம். பேப்பர் எப்படி வந்துச்சுன்னு கேட்டேன், சொல்லமாட்டேங்கிறாங்க. நீளமா, குட்டையான்னாவது சொல்லுங்கம்மான்னேன். அதுக்கும் சிரிக்கிறா அந்தப் பொண்ணு."

கீழே இறங்கி வாட்ச்மேனைக் கேட்டோம். "மேல போனாரே? ரொம்ப நேரமாச்சே. மொட்டை மாடி சாவி வாங்கிட்டுப் போனார்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவினாள். செருப்பு ஒன்று நழுவிக் கீழே உருண்டது, திரும்பிப் பார்க்கவில்லை.

மொட்டை மாடிக் கதவு திறந்து கிடந்தது. மழை சாய்வாக அடித்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், எல்லா வீட்டு நெட் கேபிளும் வந்து சேருகிற தகரப் பெட்டிக்கு முன்னால் அவர் குந்தி உட்கார்ந்திருந்தார். பெட்டி நனையாமலிருக்க அதன் மேல் ஸ்வெட்டரை விரித்திருந்தார். அவர் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தார். கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நேராக்கி, கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க!"

திரும்பினார். "யாரோ கன்னாபின்னான்னு கட்டியிருக்காங்க. எது எந்த வீட்டுக்குப் போகுதுன்னே தெரியல. நாளைக்கு நான் இல்லைன்னா, எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது."

"நீங்க ஏன் இல்லாம போறீங்க?" என்று கத்தினாள். கையிலிருந்த கோட்டால் அவர் தலையில் அடித்தாள். அடித்த கோட்டாலேயே தலையைத் துவட்டினாள். "எங்க போறீங்க? சொல்லுங்க, எங்க போறீங்க?"

"அறுநூத்தி எழுபத்தொண்ணு," என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நான் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். எனக்கும் சில இடங்களில் எப்படி நிற்பது என்று தெரியும்.

இரண்டு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றார்கள். காய்ச்சலும் இருந்தது. சிவப்பு மை மட்டும் அந்த இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார்.

"இது பகல் கொள்ளை. பாதுகாப்புப் பட்டை முழுசா வளர்ந்திருக்கு. நகம் மாதிரி இருந்தது கை மாதிரி ஆயிருக்கு. அப்ப மார்க் ஏறணுமா இல்லையா? எறங்கியிருக்கு! என் ஆயுசுல இப்படி ஒரு திருத்தலைப் பாத்ததில்லை."

"கோளாறு பட்டை பாதியாயிடுச்சு மாமா," என்றாள் மருமகள்.

"ஒண்ணு ஏறிடுச்சு, ஒண்ணு எறங்கிடுச்சு. அப்ப சமமாத்தானே இருக்கணும்?" பெட்ரூம் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், குரல் உயர்ந்தது. "டேய், தினம் பாக்கற வேலைடா அது! அதுல எப்படிடா கொறைஞ்சுது?"

உள்ளேயிருந்து ஈனஸ்வரத்தில் ஒரு குரல். "விளக்கு எரியல, முதல்ல என்ன செய்வீங்கன்னு கேக்கறான்ப்பா. நான் போய்க் கேபிளைத் தொட்டுப் பாப்பேன். அது நாலு பதில்லயும் இல்ல. புஸ்தகத்துல ஒரு வரிசை இருக்காம். அதைப் படிக்காம போயிட்டேன்."

"அப்ப என்ன எழுதின?"

"எழுதல. தெரியாததை விட்டுட்டேன்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை. அப்போதைக்கு.

மறுநாள் சாயங்காலம் அவள்தான் ஆரம்பித்தாள். கடைசி வாய்ப்புக்குத் தேதி வாங்கியாகிவிட்டது. அதை விட்டால் கெடுவுக்குள் வேறு தேதி கிடையாது. "இந்தத் தடவை படிக்கிறதுக்கு முன்னாடி, மார்க் எப்படிப் போடறான்னு தெரிஞ்சுக்கலாம். அதைப் பத்தி எங்கயாவது போட்டிருப்பான்ல? சத்தமா படிங்க. நான் தைச்சுக்கிட்டே கேக்கறேன்."

"பாடத்திட்டம் பத்து தடவை படிச்சிருக்கேன்."

"பாடத்திட்டம் இல்ல. மார்க்கு."

போனைத் தடவித் தடவிக் கண்டுபிடித்தார். பரீட்சை நடத்துகிறவர்களே எல்லோருக்கும் தெரியும்படி எழுதிப் போட்டிருந்த பக்கம். மூன்று பேரும் அதுவரை அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. காய்ச்சல் தொண்டையில் அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்லச் சொல்ல, நானும் அடுப்பைச் சிம்மில் வைத்தேன்.

"எழுநூறுங்கறது எழுபது சதவீதம் இல்லையாம்."

"பின்ன?" சிவப்பு மை.

"நூறுல ஆரம்பிச்சு தொள்ளாயிரம் வரைக்கும் போற அளவாம். ஒண்ணுமே எழுதாம வந்தாலும் நூறு இருக்குமாம்."

"அப்ப நம்ம வாட்ச்மேனுக்கே நூறு இருக்கு," என்றாள் அவள்.

"எனக்கு முன்னாடி எழுதினவனுக்கு வந்த கேள்வி எனக்கு வராது. ஒரு கட்டு லேசா இருக்கும், ஒரு கட்டு கஷ்டமா இருக்கும். அதைச் சமப்படுத்தித்தான் இந்த நம்பராம். அதனால ஒரு கேள்விக்கு இவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

சிவப்பு மை கனைத்தார். "அது சரி. எங்க போர்டுலயும் அது உண்டு. பேப்பர் கஷ்டமா வந்த வருஷம் தாராளமா போடுங்கன்னு சொல்லி அனுப்புவாங்க. அப்ப எட்டு மார்க்னு நான் சொன்னது?"

"எட்டு மார்க்னு ஒண்ணு இல்லவே இல்லைப்பா. அது ஒரு கேள்வியா இருக்கலாம், மூணு கேள்வியா இருக்கலாம். இதைக் கேளுங்க. சில கேள்விக்கு மார்க்கே கெடையாதாம். சோதனைக்காக நடுவுல கலந்து வெச்சிருப்பானாம். எதுன்னு சொல்லமாட்டானாம்."

"எண்ணாத கேள்வியை எதுக்குடா கேக்கறான் படுபாவி?"

"பட்டைங்கறது அந்தந்தப் பகுதிக்குள்ள எவ்வளவு சரின்னுதான் காட்டுது. பகுதி எவ்வளவு பெருசுன்னு காட்டாது. பாதுகாப்பு பத்துல ஒரு பங்கு." குரல் தேய்ந்தது. "கோளாறு பத்துல மூணு பங்கு."

பெரியவர் வட்டம் போட்ட பட்டை எது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. மெஷின் மட்டும் தடதடவென்று ஒரு யூனிஃபார்ம் ஓரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது.

"மேல படிங்க."

"பதில் சொல்லாம விட்ட கேள்வி, தப்பா சொன்ன கேள்வி மாதிரியே கணக்காகும். தப்பான பதிலுக்கு எதுவும் கழிக்கப்பட மாட்டாது."

மெஷின் நின்றது.

"திரும்பப் படிங்க."

படித்தார்.

"எத்தனை விட்டீங்க?"

"இந்தத் தடவை பத்து இருக்கும். முதல் தடவை ஆறோ ஏழோ. கடைசியில கேட்டுச்சு, இத்தனை கேள்வி மிச்சம் இருக்கு, முடிச்சுக்கலாமான்னு. ஆமான்னு அமுக்கிட்டேன்."

"அது கேட்டுச்சு! மெஷினே கேட்டிருக்கு! ஏங்க, நாலு பதில் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைத் தொட்டிருந்தா, ஆறுல ஒண்ணு ரெண்டாவது விழுந்திருக்காதா? அன்னைக்கே முடிஞ்சிருக்குமேங்க! மழையில, மாடியில, நான் அந்தப் படியில ஏறினப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"தெரியாததை எப்படி எழுதறது?"

"யாரு சொன்னா எழுதக்கூடாதுன்னு?"

யார் சொன்னார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பெரியவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தட்டினாள். "மாமா, திட்டணும்னு சொல்லல. வாங்க." கதவு திறக்கவில்லை. தெருவிலே பார்க்கிற எல்லாவற்றையும் திருத்துகிற மனிதரைத் திருத்துவதற்கு ஒருவரும் இல்லாமல் போனது எவ்வளவு பெரிய தொல்லை என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அடுத்த நாள் காலையில் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வாடா இங்க. உட்காரு. நான் கேள்வி கேப்பேன். நாலு பதில் தருவேன். ஒண்ணைச் சொல்லணும்."

"பாடத்துலயாப்பா?"

"பாடத்தை நீ படிச்சுக்கோ. இது வேற. இன்னைக்கு மழை எப்ப நிக்கும்? காலையில, மதியம், சாயங்காலம், நிக்காது. சொல்லு."

"தெரியலப்பா."

"தெரியாதுன்னுதாண்டா கேக்கறேன்!"

"தெரியாம எப்படிப்பா..."

"ஏதோ ஒண்ணு சொல்லுடா!"

நான் அடுப்பை அணைத்தே விட்டேன். அரை நாழிகை அப்பாவும் மகனும் மல்லுக்கட்டினார்கள். அந்த மனிதருக்கு வாய் வரவேயில்லை. சொல்லப் போவார், நிறுத்துவார், அப்பா முகத்தைப் பார்ப்பார் போல. கேபிளைத் தடவியே பதில் கண்டுபிடிக்கிற ஆளுக்கு, வெறும் காற்றில் கையை விடத் தெரியவில்லை. பெரியவருக்கும் லேசான வேலை இல்லை. மகன் ஒரு பதிலைத் திக்கித் திணறிச் சொன்னதும், பழக்கதோஷத்தில் "எப்படி வந்துச்சு?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், மகன் திரும்பவும் ஊமை.

"மாமா! அதைக் கேக்காதீங்க!" என்றாள் மெஷினிலிருந்து.

"கேக்கல, கேக்கல. வாய் தவறிடுச்சு. அடுத்தது. எதிர்வீட்டுக்காரம்மா இப்ப என்ன பண்றாங்க? சமைக்கிறாங்க, துவைக்கிறாங்க, தூங்கறாங்க, ஜன்னல்ல நின்னு நம்மளைக் கேக்கறாங்க."

"நாலாவது," என்றார் ஸ்வெட்டர்காரர், யோசிக்காமல்.

"சபாஷ்!"

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அதனால் நான் கோபித்துக்கொள்ளவில்லை. அதோடு, தெரிந்து சொன்ன பதில் அது, ஊகத்தில் சேராது.

அப்படியே தினமும் நடந்தது. கோளாறுப் பாடத்தை அந்தப் புத்தகத்து வரிசையிலேயே உருப்போட்டார். தன் கை செய்வதை மறந்து, புத்தகம் சொல்வதைச் சொல்லப் பழகினார். ஆனாலும் கெடு நெருங்க நெருங்க முகம் சுண்டிப்போனது. வேலையில் அவருக்குப் பதிலாக வரப்போகிறவனுக்கு, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று இவரையே சொல்லிக்கொடுக்கச் சொன்னார்களாம். "நல்ல பையன், சீக்கிரம் புடிச்சுக்கறான்" என்று வீட்டில் வந்து சொன்னார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வாயால் யாரும் ஜெயிக்க முடியாதவள் வாயை மூடிக்கொண்டதைக் கேட்க எனக்கே பயமாக இருந்தது.

மூன்றாம் முறை அவளும் கூடப் போனாள். கிளம்பும்போது பெரியவர் வாசலில் நின்றார்.

"டேய்."

"என்னப்பா?"

"விட்டுட்டு வராதே." கொஞ்சம் நிறுத்தி, "பொய்யா இருந்தா அது என் கணக்குல இருக்கட்டும்," என்றார்.

சென்டரில் நடந்ததெல்லாம் அவள் எனக்குச் சொன்னது. ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார்களாம். பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்களாம். ஏசி சர்வர் ரூமுக்குக் குறையாமல் இருந்ததாம். குளிருக்காகவே ஸ்வெட்டர் போட்ட மனிதரை ஸ்வெட்டர் இல்லாமல் குளிரில் உட்கார வைத்தார்கள். அவள் வெளியே பெஞ்சில் அந்த ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு, பிரிந்திருந்த கைமுனையை விரலால் மடித்து மடித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊசி கொண்டுவரவில்லையே என்று இருந்ததாம்.

உள்ளே அவருக்குத் தெரியாத கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றிலும் அப்பா பின்னால் நிற்கிற மாதிரி இருந்ததாம். முன்பெல்லாம் "விடு" என்கிற குரல் கேட்கும். இப்போது "ஏதோ ஒண்ணு சொல்லுடா" என்று கேட்டதாம். தொட்டுவிட்டு வேர்த்ததாம், அந்தக் குளிரில். கடைசியில் கம்ப்யூட்டர் மிச்சம் எதுவும் இல்லை என்றது. முடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அவள் பக்கத்தில் வந்து நின்றார், உட்காரவில்லை. மேஜைக்காரப் பெண் பிரிண்ட் கொடுத்தாள்.

கிர்ரென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு குனிந்து பிரிண்டரைப் பார்த்தார். "ஏம்மா, பேப்பர் சிக்கிக்கிச்சு போலிருக்கு. பின்னாடி மூடியைத் திறந்தா வந்துடும். நான் எடுத்துத் தரவா?"

"சிக்கல சார். அவ்வளவுதான்."

"இல்லம்மா, எனக்கு எப்பவும் நீளமா வரும்."

அந்தப் பெண் பேப்பரை எடுத்து நீட்டினாள். ஒரே வரி. அவர் அதைக் கையில் வாங்கவில்லை. "கொஞ்சம் சரியா பாருங்கம்மா, வேற யாருதாவது இருக்கும்" என்றார். அவள்தான் எழுந்துபோய் வாங்கினாளாம். வாங்கி, பெயரைப் பார்த்து, ஸ்வெட்டரை முகத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சிலேயே அழுதாளாம். அழுததைச் சொல்லும்போதும் அவளுக்கு வேகம் குறையவில்லை. "மூக்கெல்லாம் அந்த ஸ்வெட்டர்லதான் தொடைச்சேன்க்கா, அவர்கிட்ட சொல்லாதீங்க."

வீட்டுக்கு வந்தார்கள். நான் ஜன்னலில் இல்லை. அன்றைக்கு நேராகக் கதவிலேயே போய் நின்றேன்.

"எத்தனை?" என்றார் சிவப்பு மை.

"பாஸ்ப்பா."

"அது உன் மூஞ்சியிலேயே தெரியுது. எத்தனைடா?"

"நம்பர் போடலப்பா. பாஸானா போடமாட்டாங்க."

பெரியவர் பேப்பரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஃபெயிலானவனுக்குப் பக்கம் பக்கமா விவரம் சொல்றான். பாஸானவனுக்கு ஒரு நம்பர் கெடையாதா?"

"வேலை இருக்கு மாமா. அது போதாதா?"

"போதும்மா. போதும்." சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கை தானாக வலதுபக்க மூலைக்குப் போனது, மார்க் போடுகிற இடம். அங்கே கொஞ்சம் நின்றது. போட ஒன்றும் இல்லை. பேனாவை மூடி வைத்தார். பிறகு, "எதையும் விடலையே?" என்றார்.

"விடலப்பா."

"நெறைய ஊகமா?"

"கொஞ்சம் இருக்கும்."

எது காப்பாற்றியது, தெரிந்ததா, தெரியாததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. உள்ளே போய் அவள் மெஷினை மிதித்தாள்.

இது நடந்து மழைக்காலமும் போய்விட்டது. ஸ்வெட்டர்காரர் பழையபடி தோளில் ஸ்வெட்டரோடு வேலைக்குப் போகிறார். கைமுனை புதிதாகத் தைத்திருக்கிறது. அந்த நல்ல பையனுக்கு வேறு இடம் கிடைத்ததாம். பெரியவர் மட்டும் கெட்டுப்போய்விட்டார். தினமும் காலையில் டீயைக் கையில் எடுத்ததும் ஆரம்பித்துவிடுகிறார். முதலில் எழுநூற்று ஒன்று என்றார். பிறகு எழுநூற்று ஐந்து. நாளுக்கு நாள் ஏறுகிறது.

இன்றைக்குக் காலையில் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

"டேய், எழுநூத்தி நாப்பது இருக்குமாடா?"

"தெரியலப்பா."

"தெரியாதுன்னுதாண்டா கேக்கறேன்."